முப்பது வினாடியிலிருந்து முந்நூறு அத்தியாயத்துக்கு

ஒரு பிஸ்கட் விளம்பரத்தின் படப்பிடிப்பு. பத்தொன்பது வயதுப் பெண் ஒருவர் பிஸ்கட்டைக் கடிக்க வேண்டும், ஒரு கணம் கண்ணை மூட வேண்டும், பிறகு நிமிர்ந்து சிரிக்க வேண்டும். வசனம் கிடையாது. காலையில் தொடங்கிய இந்த ஒரு ஷாட் மதிய இடைவேளை வரை நீள்கிறது. முதலில் வெளிச்சம் சரியில்லை. பிறகு கடிக்கும்போது துகள் உதட்டில் ஒட்டிக்கொள்கிறது. அதையும் சரிசெய்த பிறகு, மானிட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் நிறுவனத்துக்காரர், பிஸ்கட்டில் பொறித்திருக்கும் பெயர் விரலில் மறைகிறது என்கிறார். ஒவ்வொரு முறை ‘கட்’ சொன்னதும் அந்தப் பெண் மேசைக்கு அடியிலிருக்கும் வாளியில் வாயில் உள்ளதைத் துப்புகிறார். விழுங்கிக்கொண்டே போனால் இருபதாவது டேக்கில் பிஸ்கட்டைக் கண்டாலே முகம் சுளிக்கும். அந்தச் சுளிப்பு லென்ஸுக்குத் தப்பாது. அமெரிக்க விளம்பரத் தொழிலில் இந்த வேலைக்குக் ‘கடி, சிரி’ என்றே செல்லப்பெயர் உண்டு.

சில மாதம் கழித்து இதே பெண் ஒரு தொலைக்காட்சித் தொடரின் செட்டில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். அன்றைக்கு மட்டும் பல காட்சிகள் எடுத்தாக வேண்டும். வசனத் தாள் நேற்று இரவுதான் வந்தது. முதல் டேக்கில் தடுமாற்றம், இரண்டாவதில் ‘ஓகே’, அடுத்த காட்சிக்கு விளக்கை நகர்த்துகிறார்கள். நாற்பது முறை திரும்பத் திரும்ப ஒரே சிரிப்பைச் சிரித்துப் பழகியவருக்கு, ‘இன்னொரு முறை எடுக்கலாமா?’ என்று கேட்கக்கூட அவகாசம் இல்லை. இரண்டு இடத்திலும் கேமரா ஒன்றுதான், மேக்கப் ஒன்றுதான், ‘ஆக்‌ஷன்’ என்ற குரலும் ஒன்றுதான். ஆனாலும் தொழில் வேறு.

விளம்பரத்தில் முகம் காட்டியவர் சின்னத்திரைக்கு வருவதை ஏணியின் அடுத்த படி என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அது ஏணியாகத் தெரியவில்லை. ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நீந்துவதுபோலத்தான் தெரிகிறது. கொண்டுபோக முடிந்த மூட்டை சிறியது, இங்கேயே இறக்கிவைத்துவிட்டுப் போக வேண்டியது பெரியது.

இரண்டு தொழிலும் ஒரே வீட்டில் பிறந்தவை என்பதையும் மறக்கக் கூடாது. தொலைக்காட்சியின் முதல் சட்டபூர்வ விளம்பரம் 1941 ஜூலை 1 அன்று நியூயார்க்கில் ஒளிபரப்பானது. புலோவா கைக்கடிகார நிறுவனத்தின் அந்தப் பத்து வினாடிப் படத்தில் அமெரிக்க வரைபடமும் ஒரு கடிகார முகமும் மட்டுமே இருந்தன. மனித முகமே இல்லை. மனித முகம் தேவைப்பட்டபோது, நிகழ்ச்சியையே விளம்பரக்காரர்கள் வாங்கிவிட்டார்கள். 1950களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பல நிகழ்ச்சிகளை விளம்பர நிறுவனங்களே தயாரித்தன. பகல்நேரத் தொடர்களுக்கு ‘சோப் ஓபரா’ என்று பெயர் வந்ததே சோப்புக் கம்பெனிகள் அவற்றுக்குப் பணம் போட்டதால்தான். ‘கைடிங் லைட்’ என்ற தொடர் 1937ல் வானொலியில் தொடங்கி, 1952ல் தொலைக்காட்சிக்கு மாறி, 2009 வரை ஓடியது. அதன் பின்னால் இருந்தது ப்ராக்டர் அண்ட் கேம்பிள் என்ற சோப்புக் கம்பெனி. சோப்பு விற்பதற்காக அழுத குடும்பங்களின் கதை எழுபது ஆண்டைத் தாண்டியது. எனவே விளம்பர முகம் தொடருக்குள் வருவதை அந்நியர் வருகையாகப் பார்க்க வேண்டியதில்லை.

நடிகர்களைத் தேர்ந்தெடுக்கும் காஸ்டிங் டைரக்டர்கள் விளம்பரத்திலிருந்து ஆள் எடுப்பதற்குக் காரணம் அழகு என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். அழகுக்கு எங்கும் பஞ்சமில்லை. உண்மைக் காரணம் கொஞ்சம் சாதாரணமானது: இவர்களுக்குச் செட் பழக்கம் இருக்கிறது. தரையில் ஒட்டிய டேப்பைக் குனிந்து பார்க்காமலே அதன்மேல் வந்து நிற்கத் தெரியும். விளக்கின் சூடு கன்னத்தில் எந்தப் பக்கம் படுகிறது என்பதை வைத்தே முகத்தை எங்கே திருப்ப வேண்டும் என்று தெரியும். ஐம்பது பேர் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும்போது கை நடுங்காது. லென்ஸ் எவ்வளவு நெருக்கம் என்று தெரிந்தால், புருவத்தை எவ்வளவு உயர்த்தினால் போதும் என்பதும் தெரியும். நாடக மேடையிலிருந்து வருபவருக்கு இந்தக் கடைசி விஷயம் கைவர மாதக்கணக்கில் ஆகும். தயாரிப்பாளரைப் பொறுத்தவரை நேரம்தான் பணம்; பழகிய ஆள் வந்தால் நேரம் மிச்சம்.

சம்பாத்தியமும் ஒரு காரணம், ஆனால் வேறு விதத்தில். நடிப்பு வாய்ப்புக்காகக் காத்திருக்கும் இளைஞருக்கு வாடகை கொடுப்பது பெரும்பாலும் விளம்பரம்தான். அமெரிக்க நடிகர் ஆரன் பால் பள்ளிப்படிப்பு முடித்து லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்த பிறகு, சூயிங் கம், தானிய உணவு என்று பல விளம்பரங்களில் நடித்தார். நடுநடுவே தொடர்களில் ஒரு நாள், இரண்டு நாள் வேடங்கள். அவர் பெயரை நிலைநிறுத்திய ‘பிரேக்கிங் பேட்’ தொடர் வந்தது 2008ல். விளம்பரம் அவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது என்று சொல்வதைவிட, அதுவரை அவரை ஊரில் தங்கவைத்தது என்று சொல்வதே சரி.

இன்னும் சின்ன வயதில் வந்தவர்களும் உண்டு. ஹாலிவுட் நடிகை ஜோடி ஃபாஸ்டர் 1965ல் ஒரு வெயில்காப்புக் களிம்பின் விளம்பரத்தில் தோன்றியபோது அவருக்கு வயது மூன்று. ஆடிஷனுக்குப் போனது அண்ணன். கூடப் போன தங்கை தேர்வானாள். மூன்றே ஆண்டில், 1968ல், தொலைக்காட்சித் தொடரில் வந்துவிட்டார்.

சாரா மிஷெல் கெல்லரின் கதை இன்னும் விசித்திரமானது. 1980களின் தொடக்கத்தில், பள்ளிக்கே ஒழுங்காகப் போகத் தொடங்காத வயதில், ஒரு பர்கர் நிறுவனத்தின் விளம்பரத்தில் நடித்தார். போட்டி நிறுவனத்தின் பெயரை வெளிப்படையாகச் சொல்லி, அவர்கள் பர்கரில் இறைச்சி குறைவு என்று சொன்ன விளம்பரம் அது. போட்டி நிறுவனம் வழக்குப் போட்டது. வழக்கில் அந்தக் குழந்தையின் பெயரும் சேர்க்கப்பட்டது. யாரோ எழுதிக் கொடுத்த வசனத்தை யாரோ சொன்னபடி சொன்னதற்காக நீதிமன்ற ஏட்டில் ஏறிய ஐந்து வயதுப் பெயர்! பிறகு அவர் பகல்நேரத் தொடர் ஒன்றில் வளர்ந்து, 1995ல் அதற்காக டேடைம் எம்மி விருதும் பெற்று, 1997ல் ‘பஃபி தி வாம்பயர் ஸ்லேயர்’ தொடரின் நாயகியானார்.

அதே தொடரில் அவருக்கு ஆசான்போல வரும் நூலகர் வேடத்தில் நடித்தவர் ஆண்டனி ஹெட். அவரும் விளம்பரக் கரையிலிருந்து வந்தவர்தான். 1987 முதல் 1993 வரை பிரிட்டனில் ஒரு காபித் தூள் நிறுவனம் பன்னிரண்டு விளம்பரங்களைத் தொடர்கதையாக எடுத்தது. பக்கத்து வீட்டுப் பெண் காபித் தூள் கடன் கேட்டு வருகிறாள். அங்கிருந்து தொடங்கும் ஒரு காதல், விளம்பரத்துக்கு விளம்பரம் ஒரு அங்குலம் நகர்கிறது. அடுத்தது எப்போது என்று மக்கள் காத்திருந்தார்கள். ஆறு ஆண்டில் சில நிமிடங்களே திரையில் தோன்றி ஒரு பாத்திரத்தை உயிரோடு வைத்திருந்த பயிற்சி அவருக்கு அங்கே கிடைத்தது. மற்ற விளம்பரங்கள் அப்படிப்பட்ட பயிற்சியைத் தருவதில்லை.

எதைத் தருவதில்லை என்பதுதான் இந்த விஷயத்தின் மையம். முப்பது வினாடி என்பது, வினாடிக்கு 24 ஃபிரேம் கணக்கில், 720 ஃபிரேம். அதற்குள் ஒரு பிரச்சினை வர வேண்டும், பொருள் வர வேண்டும், பிரச்சினை தீர வேண்டும், பெயர் சொல்ல வேண்டும். நடிகருக்கு அதில் நாலைந்து வினாடி கிடைத்தால் அதிர்ஷ்டம். அந்த நாலைந்து வினாடியில் உணர்ச்சி முழுதாக, குழப்பமில்லாமல், தொலைக்காட்சியைப் பார்த்தும் பார்க்காமலும் வேறு வேலையில் இருப்பவருக்கும் புரியும்படி வந்துவிட வேண்டும். தலைவலி என்றால் நெற்றியில் கை. நிவாரணம் என்றால் பெருமூச்சு, விரியும் கண். சந்தேகத்துக்கு இடம் வைத்தால் அந்த டேக் குப்பை.

தொடருக்கு வந்ததும் இதே திறமை எதிராளியாகிவிடுகிறது. கணவன் பொய் சொல்கிறான் என்று மனைவிக்குத் தோன்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சந்தேகம் இருபது அத்தியாயம் கழித்துத்தான் வாய்விட்டு வெளிவரும். விளம்பரத்தில் பழகிய நடிகை முதல் காட்சியிலேயே புருவத்தைச் சுருக்கி, உதட்டைக் கடித்து, எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடுவார். பிறகு பத்தொன்பது அத்தியாயத்துக்கு முகத்தில் சொல்ல எதுவும் மிஞ்சாது. இயக்குநர் ‘குறைச்சுக்கோங்க’ என்பார். குறைப்பது என்றால் மெதுவாகச் செய்வது என்று அவர் புரிந்துகொள்வார். இயக்குநர் கேட்பதோ உணர்ச்சியை உள்ளே வைத்துக்கொண்டு அதை மறைப்பதை. விளம்பரத்தில் எதையும் மறைத்துப் பழக்கமே இல்லையே!

குரல் இன்னொரு சிக்கல். பல விளம்பர நடிகர்கள் ஆண்டுக்கணக்கில் கேமரா முன் நின்றும் ஒரு முழு வாக்கியம் பேசியிருக்க மாட்டார்கள். பின்னணிக் குரல் வேறு ஒருவருடையது, பாட்டு ஓடும், நடிகர் உதட்டை அசைத்தால் போதும். தொடரிலோ மூச்சு எங்கே விடுவது, எதிராளி பேசும்போது முகத்தை எங்கே வைப்பது, கோபமான வசனத்தை இரைச்சலில்லாமல் எப்படிச் சொல்வது என்பதெல்லாம் முதல் வாரத்திலேயே தேவைப்படும். கையும் ஒரு தொல்லை. பொருளைப் பிடித்துப் பழகிய கை, பிடிக்க எதுவும் இல்லாதபோது என்ன செய்வது என்று தெரியாமல் தொங்கும். புதியவர்களின் முதல் சில அத்தியாயங்களைப் பார்க்கும்போது நான் முகத்தைவிடக் கைகளைத்தான் கவனிப்பேன். கதை அங்கே தெரிந்துவிடும்.

விளம்பரத்தில் நடிப்பவருக்கு முடிவு தெரியும். ஸ்டோரிபோர்டில் எல்லாக் கட்டமும் வரைந்திருக்கும். தொடரில் நடிப்பவருக்குத் தன் பாத்திரம் அடுத்த மாதம் நல்லவளா கெட்டவளா என்பதே பல சமயம் தெரியாது. எழுதுகிறவருக்கும் அப்போது தெரிந்திருக்காது. பார்வையாளர் வரவேற்பைப் பொறுத்துப் பாத்திரம் திரும்பும். அதனால் எந்தப் பக்கம் திரும்பினாலும் நம்பும்படி, பாத்திரத்தைச் சற்றுத் திறந்தே வைத்து நடிக்க வேண்டியிருக்கிறது.

தேர்வு முறையும் அதற்கேற்ப மாறுகிறது. விளம்பர ஆடிஷனில் பெயர், உயரம் சொல்லி, இடப்பக்கம் வலப்பக்கம் திரும்பி, கைகளைக் காட்டி, இல்லாத ஒரு பொருளை இருப்பதாக எண்ணிச் சிரித்துவிட்டு ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடலாம். தொடருக்கு வசனப் பக்கங்கள் தருவார்கள், மறுபடி அழைப்பார்கள், ஜோடியாக நடிப்பவரோடு சேர்த்து வைத்துப் பார்ப்பார்கள். அமெரிக்காவில் கடைசிச் சுற்றுக்குள் நுழையும் முன்பே பல ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிடுவது வழக்கம். வேலை கிடைக்குமா என்று தெரியாத நிலையில் ஆறேழு ஆண்டுச் சம்பளத்துக்கு ஒத்துக்கொள்ளும் விந்தை அது. கலிஃபோர்னியாவில் அந்த ஏழுக்குமேல் போக முடியாது. நடிகை ஒலிவியா டி ஹாவிலாண்ட் தன் ஸ்டுடியோவை எதிர்த்துப் போட்ட வழக்கில் 1944ல் வந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பு அந்த வரம்பை உறுதியாக்கியது.

விளம்பரத்துக்கும் அதன் சொந்தக் கயிறுகள் இருக்கின்றன. ஒரு பற்பசைக்கு நடித்தவர் இன்னொரு பற்பசைக்கு நடிக்கக் கூடாது என்பது நியாயமாகவே படும். ஆனால் அந்த நிபந்தனை எவ்வளவு காலம், எந்த நாடுகளில், எந்தெந்தத் திரைகளில் என்பதைச் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அமெரிக்கத் தொழிற்சங்க ஒப்பந்தத்தில் 13 வாரம் ஒரு சுற்று. விளம்பரத்தை ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் அந்த முகத்தைப் பிடித்துவைத்திருக்க அடுத்த சுற்றுக்கும் தொகை தர வேண்டும். மறுஒளிபரப்புக்குத் தரும் பங்குத்தொகை தொடர்பான சண்டையில்தான் 2000ல் அங்கே நடிகர்கள் ஆறு மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். இப்படிப்பட்ட சங்கப் பாதுகாப்பு இல்லாத இடங்களில் ஒரே தொகையில் முகத்தை வாங்கிவிடுகிறார்கள். மூன்று ஆண்டு கழித்து, தொடரில் அவர் சோகமே உருவான விதவையாக அழுதுகொண்டிருக்கும்போது, இடைவேளையில் அதே முகம் துணிசோப்புக்குக் குதித்துச் சிரிக்கும். தடுக்க அவரிடம் காகிதம் எதுவும் இருக்காது.

முகம் அதிகம் தெரிந்துபோவதும் ஆபத்துதான். வெற்றிபெற்ற விளம்பரத்தில் மக்கள் மனதில் நிற்பது பொருளின் பெயர்; நடிகர் ‘அந்த விளம்பரத்தில் வரும் பையன்’ ஆகிவிடுகிறார். பெயரில்லாத புகழ் அது. அமெரிக்காவில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் விளம்பரத்தில் வந்த குகைமனிதர்களுக்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்து, 2007ல் ஏபிசி தொலைக்காட்சி அவர்களை வைத்தே ஒரு நகைச்சுவைத் தொடர் எடுத்தது. முதன்மை வேடங்களுக்குப் புதிய நடிகர்களைப் போட்டார்கள். தொடர் சில வாரங்களில் நின்றுபோனது. முப்பது வினாடிக்குப் போதுமான நகைச்சுவை, அரைமணி நேரத்தைத் தாங்கவில்லை. விளம்பரத்தில் உழைத்த நடிகர்களின் வெற்றி, அவர்களுக்குச் சொந்தமாக இருக்கவில்லை என்பதையும் அந்தச் சம்பவம் காட்டிக்கொடுத்தது.

குழந்தைகள் விஷயத்தில் இதெல்லாம் இன்னும் கூர்மையாகிறது. ஊமைப்படக் காலத்துக் குழந்தை நட்சத்திரம் ஜாக்கி கூகன், தான் சம்பாதித்த பணம் கரைந்துவிட்டதை அறிந்து 1938ல் தாய் மீதும் வளர்ப்புத் தந்தை மீதும் வழக்குத் தொடுத்தார். அதன் விளைவாக 1939ல் கலிஃபோர்னியாவில் வந்த சட்டம், நீதிமன்ற ஒப்புதலுக்குப் போன ஒப்பந்தங்களைத்தான் கட்டுப்படுத்தியது. ஒரு நாள், இரண்டு நாள் விளம்பர வேலைக்காக யார் நீதிமன்றப் படியேறுவார்கள்? அந்த ஓட்டை அடைபட 2000 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு எந்த ஒப்பந்தமானாலும் வருமானத்தில் 15 சதவீதம் குழந்தையின் பெயரில் ஒதுங்கியாக வேண்டும். இந்தியாவில் 2017ன் விதிகள் 20 சதவீதம் என்கின்றன. நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலையும் கூடாது. ஆறு மாதம் நிரம்பாத குழந்தை கலிஃபோர்னியாவில் 20 நிமிடம்தான் கேமரா முன் இருக்கலாம். அதனால்தான் தொடர்களில் ஒரு கைக்குழந்தை வேடத்துக்கு இரட்டையரைத் தேடுகிறார்கள். விளம்பரத்தில் அந்த 20 நிமிடம் போதும். தொடரில் குழந்தை வளர்ந்துகொண்டே போவதால், ஒரு குடும்பத்தின் அன்றாடம் முழுவதும் படப்பிடிப்பு அட்டவணைக்குள் போய்விடுகிறது. பெற்றோர் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். பெரும்பாலும் யோசிப்பது முதல் காசோலையோடு நின்றுவிடுகிறது.

கொரியாவில் இந்த ஓட்டம் வேறு திசையிலும் பாய்கிறது. நடிகை சாங் ஹே-க்யோ 1996ல் ஒரு பள்ளிச் சீருடை நிறுவனத்தின் மாடல் போட்டியில் வென்று தொலைக்காட்சிக்குள் வந்தவர். அங்கே நடிகர் புகழ்பெற்ற பிறகு விளம்பரங்கள் குறைவதில்லை, கூடுகின்றன. எத்தனை விளம்பரம் கைவசம் என்பதே நட்சத்திர மதிப்பின் அளவுகோல். ஹாலிவுட்டிலோ நீண்ட காலம் பெரிய நடிகர்கள் உள்நாட்டில் விளம்பரம் என்றால் கௌரவக் குறைவு என்று ஒதுங்கி, ஜப்பானுக்குப் போய் அதே வேலையைச் சத்தமில்லாமல் செய்துவந்தார்கள். இணையம் வந்து அந்த ரகசியத்தைப் போட்டுடைத்தது. இப்போது அங்கும் வெட்கப்படுவார் யாருமில்லை.

கடைசிப் பத்தாண்டில் கரைகளுக்கு இடையேயான தூரம் கூடியிருக்கிறது. 2016ல் யூடியூப் 6 வினாடி விளம்பரங்களைக் கொண்டுவந்தது. முப்பது வினாடியே இப்போது ஆடம்பரம். கைபேசியில் தானே எடுத்து, தானே பேசி, தானே பொருளை விற்கும் இளைஞர்கள் புதிய விளம்பர நடிகர்களாகிவிட்டார்கள். 2021ல் அமெரிக்க நடிகர் சங்கமே அவர்களுக்கென ஒரு தனி ஒப்பந்தம் வகுத்தது. இவர்களுக்குக் குரல் பிரச்சினை இல்லை, பேசிப் பழகியவர்கள். மாறாக வேறொரு பழக்கத்தை விட வேண்டியிருக்கிறது: கண் எப்போதும் லென்ஸையே தேடும். தொடரில் லென்ஸைப் பார்த்தால் காட்சி செத்தது. இன்னொரு பழக்கமும் உண்டு. பிடிக்காத டேக்கை இவர்கள் தாங்களே அழித்துவிடுவார்கள். தங்களுக்குப் பிடிக்காத தங்கள் முகத்தை உலகம் பார்த்ததே கிடையாது. தொடரில் எந்த டேக் போகும் என்பதை முடிவுசெய்பவர் எடிட்டர்.

இந்த மாற்றம் ஒருவரிடம் நடந்துவிட்டதா என்பதை ஒளிபரப்பில் கண்டுபிடிப்பது கடினம், செட்டில் எளிது. இருவர் பேசும் காட்சி. மூத்த நடிகையின் க்ளோஸ்-அப் எடுக்கிறார்கள். பிஸ்கட் விளம்பரத்தில் பார்த்த அந்தப் பெண் கேமராவுக்குப் பக்கத்தில், விளக்குக்கு வெளியே, மேக்கப் கலைந்த முகத்தோடு ஒரு மரப்பெட்டிமேல் நிற்கிறார். அவருடைய பகுதி ஏற்கெனவே எடுத்தாயிற்று. அவர் இப்போது சொல்லும் வசனம் ஒலியில்கூடப் பதிவாகப்போவதில்லை. உதவி இயக்குநரே வாசித்துவிடுவதாகச் சொல்லியும் அவர் போகவில்லை. மூத்த நடிகையின் கண்ணைப் பார்த்து, அந்த வசனத்தை முதல் தடவை சொல்வதுபோலச் சொல்கிறார். கண்ணில் நீர் வருகிறது. அங்கே கேமரா இல்லை.